லிவிட் என்பது என்ன நிறம்

கடிதம் செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் வந்தது. தபால்காரர் அதைக் கதவுத் துளை வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கலரக்கா குனிந்து எடுத்தாள். எடுத்தவள் ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக அப்படியே நின்றுவிட்டாள். உறையின் மேல் இருந்தது அவள் தம்பியின் கையெழுத்து.

வீட்டு எண்ணில் வரும் ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக்கோடு. உலகத்தில் வேறு யாரும் ஏழுக்கு அப்படிக் கோடு போடுவதில்லை என்று அவள் சாதிக்கமாட்டாள். ஆனால் இந்தக் கோடு இடதுபக்கம் கொஞ்சம் சரிந்து, யாரையோ முறைப்பதுபோல நிற்கும். அப்படிப் போடுகிறவன் ஒருவன்தான்.

அவன் அவளோடு பேசிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

கலரக்கா என்பது பெயிண்ட் கடையில் வைத்த பெயர். பழைய சுவரிலிருந்து சுரண்டி எடுத்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெள்ளைப் பெயிண்டில் ஸ்டெய்னர் என்ற நிறச்சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதே நிறத்தைக் கலக்கிக் கொடுத்துவிடுவாள். இருபது வருஷக் கை. நம்பர் போட்டு நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டில் இருக்கும் எல்லா நிறமும் அவளுக்கு அத்துப்படி. நாற்பத்தேழாம் நம்பரை மட்டும் கலக்கமாட்டாள். அது ஈயத்தில் நீலத்தைக் கரைத்ததுபோன்ற ஒரு நிறம். யாராவது கேட்டால், "அதை நீங்களே போட்டுக் குடுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு டப்பா அடுக்கப் போய்விடுவாள். முதலாளியும் ஏன் என்று கேட்பதை விட்டுப் பல வருஷமாயிற்று.

அந்தக் கண்ணுக்குத்தான் உறையில் இருந்த கோளாறு உடனே தெரிந்தது. மை வெளிறிக் கிடந்தது. இன்று நேற்று எழுதிய மை இல்லை, பத்துப் பதினைந்து வருஷம் இருட்டில் கிடந்த மை. மூலையில் ஒரு பழைய தபால்தலை, அதன்மேல் பாதி ஏறி உட்கார்ந்தாற்போல நான்கு புதுத் தபால்தலைகள். எப்போதோ விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டி, போடாமலே வைத்திருந்த உறை இது. அவள் உறையைப் பிரித்தாள்.

உள்ளே இருந்ததோ வேறு கையெழுத்து. உருண்டை உருண்டையாக, முழுக்க இங்கிலீஷில், ஒரே ஒரு பக்கம்.

கலரக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல முடியாது. பள்ளிப் படிப்பை முடித்தவள்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் வாசித்ததெல்லாம் டப்பா இங்கிலீஷ். நன்றாகக் கலக்கவும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும், இரண்டு பூச்சுக்கு நடுவே நான்கு மணி நேரம் விடவும். இதைத் தாண்டினால் அகராதி வேண்டும். கடையில் யாரிடமாவது காட்டலாம் என்றால், அங்கே அவள் வேறு கதையல்லவா சொல்லி வைத்திருந்தாள்! "தம்பி வெளிநாட்டுல இருக்கான். மாசம் ரெண்டு தடவை பேசிடுவான். பாசக்காரப் பய." பொய்தான். கேட்கிறவர்களுக்காகச் சொல்ல ஆரம்பித்து, பிறகு தனக்காகவே சொல்லிக்கொண்டது.

ஆகவே அலமாரி மேலிருந்து பள்ளிக்கூடத்து ஆங்கில-தமிழ் அகராதி இறங்கியது. அட்டை எப்போதோ போயிருந்தது. இரண்டு சாயங்காலம் அவள் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, பென்சிலால் மேலே அர்த்தம் எழுதினாள். இரண்டாம் நாள் முடிவில் கடிதம் இப்படித் தேறியது:

'அன்புள்ள அத்தை, நான் உங்கள் தம்பியின் மகள். எனக்குப் பதினாறு வயது. அப்பாவின் மேசை இழுப்பறையில் இந்த உறையைக் கண்டெடுத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. இது யார் என்று அப்பாவிடம் கேட்டேன். அத்தை என்று அம்மா சொன்னாள். அப்பா லிவிட். அவர் ஒன்றும் பேசவில்லை. சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைத் தொந்தரவு செய்யாதே என்று அம்மா சொன்னாள். மூன்று நாள் ஆகிறது. எனக்குக் கவலையாக இருக்கிறது. என் அம்மா வேறு மொழிக்காரி, எனக்கும் தமிழ் வராது. தயவுசெய்து கீழே உள்ள விலாசத்துக்கு எழுதுங்கள்.'

எல்லாச் சொல்லும் பிடிபட்டன, அந்த ஒன்றைத் தவிர. எல், ஐ, வி, ஐ, டி. புரட்டினாள். பக்கத்தின் அடிமூலையில், கல்லீரலுக்கு இரண்டு சொல் கீழே இருந்தது: '1. நீலம் பாரித்த; கன்றிக் கறுத்த; ஈய நிறமான.' அதோடு சரி. அதற்குக் கீழே பக்கம் இல்லை. மூலை கிழிந்து போயிருந்தது.

அதைக் கிழித்தவன் தம்பி. அவனுக்குப் பத்து வயது, இவளுக்குப் பதின்மூன்று. ஒரே அகராதி, இரண்டு பேருக்கும் வீட்டுப்பாடம். இவள் கொடுக்கவில்லை, அவன் இழுத்தான், மூலை அவன் பிடிக்குள் போனது. போனதைத் திருப்பித் தரவும் இல்லை. வாயில் போட்டு மென்று துப்பிவிட்டான். அவன் கோபம் அப்படி. அப்பா அவனுக்கு வைத்த பெயரே 'குக்கர்'. "ஏய், தள்ளி நில்லு, விசில் வரப்போகுது" என்பார். விசில் வரும், வீடு அதிரும், அடுத்த நிமிஷம் குக்கர் அடங்கி அக்கா மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும்.

'ஒன்று' என்று போட்டிருந்தால் 'இரண்டு' என்று ஒன்றும் இருந்திருக்க வேண்டுமே என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்ற வழியும் இல்லை. நீலம் பாரித்த என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததுமே அவள் அகராதியை மூடிவிட்டாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து, காலை முக்காலிமேல் நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். "தம்பிக்கு உடம்பு சரியில்ல. நீலம் பாரிச்சிருக்கு."

"யாரு, குக்கருக்கா?" அவர் கண்ணைத் திறந்தார். "அவன் சிவப்புல்ல ஆவான்? நீலம் எப்படி?"

"விளையாடாதீங்க. அப்பாவுக்கு வந்ததுதான் வந்திருக்கு. சாப்பிடலையாம். சுவத்தப் பாத்துப் படுத்திருக்கானாம். பிள்ளை பயந்துபோய் எழுதியிருக்கு. எம்பேரச் சொன்னதும் வந்திருக்குங்க. எம்பேரச் சொன்னதும்."

அவர் காலைக் கீழே இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் எழுத உட்கார்ந்தாள். கோடு போட்ட தாள், நீலப் பேனா, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். முதல் வரியை எழுதியதும் வீட்டுக்காரர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"தமிழ்லயா எழுதுற? அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதுன்னு நீதான படிச்ச? டைப்பிங் சென்டர்ல குடுத்தா இங்கிலீஷ்ல அடிச்சுக் குடுப்பாங்களே."

"தெரியும்."

"அப்புறம் அது எப்படிப் படிக்கும்?"

"படிக்காது. அந்த வீட்டுல தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன்தான் இருக்கான்."

"சரிதான்" என்றார் அவர். ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் எழுதியது இது:

'தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. உனக்கு நீலம் பாரித்த விஷயம் பிள்ளை எழுதித் தெரிந்தது. முதலில் எங்கே பாரித்தது, உதட்டிலா, நகத்திலா? நகம் மட்டும் என்றால் குளிராகவும் இருக்கலாம். உதடு என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. வீம்பு பிடிக்காமல் டாக்டரிடம் போ. படுக்கும்போது இரண்டு தலையணை வை. ஜன்னலைத் திறந்து வை. மாடிப்படியில் நடுவில் நின்று ஏறு; பின்னால் வருகிறவன் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். இதெல்லாம் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதைத்தான் இன்றைக்கு எழுத வேண்டும்.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. உனக்கு நெஞ்சுச்சளி என்று மட்டும் சொன்னேன். நுரையீரலே போய்விட்டது. கடைசி இரண்டு நாள் முகம் வீங்கி, உதடு, மூக்கு, காது எல்லாம் ஒரு மாதிரி நீலமாகிவிட்டது. புதன்கிழமை காலையில், நீ வரப்போகிறாய் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். ஷேவ் பண்ணிவிடு, பிள்ளை முன்னால் பிச்சைக்காரன் மாதிரியா கிடப்பது என்றார். கண்ணாடியைக் கேட்டார். நான் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். அதுதான் என் தப்பு, வேறு எதுவும் இல்லை.

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்த மூஞ்சியை அவனுக்குக் காட்டாதே என்றார். அவன் நினைப்பில் இருக்கிற மூஞ்சியே இருக்கட்டும் என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை விடிகாலையில் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நீ ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்து, நான் வருகிறவரை வைத்திரு என்றாய். சரி என்றேன். சரி என்று சொன்ன வாயால்தான் அடுத்த நாள் காலையிலேயே எடுத்துவிடச் சொன்னேன். நீ சனிக்கிழமை வந்து வாசலில் நின்றாய். உனக்கு நான் காரணம் சொல்லியிருக்கலாம். காரணத்தைச் சொன்னால் அந்த முகத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் பயந்ததுபோலவே உன் நினைப்பில் அதுதான் நிற்கும். அதனால் நீ என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள் என்று விட்டேன். இவ்வளவு நாள் வெறுப்பாய் என்று நினைக்கவில்லை.

இப்போது உனக்கே அது வந்திருக்கிறது என்றால் சத்தியமாவது ஒன்றாவது. நான் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். உன் டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும், உதடா நகமா என்று மட்டும் எழுது.'

தனியாக ஒரு சின்னச் சீட்டில் மருமகளுக்கு டப்பா இங்கிலீஷில் நான்கு சொல் எழுதி உள்ளே வைத்தாள்: 'ஃபாதர் ரீட். யூ ஹியர்.' அப்பா படிக்கட்டும், நீ கேளு. திங்கட்கிழமை முதல் வேலையாகத் தபாலாபீசில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குச் சந்தன நிறம் அனுப்புவதற்குப் பதிலாக ரோஸ் போயிருந்தது. முதலாளி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அதனால் பில் போடும் பெண், கடையில் எல்லோரும் 'ரசீது' என்று கூப்பிடுகிறவள், சத்தமாக வாசித்து அர்த்தம் சொன்னாள்.

"போன திங்கக்கிழமை காலைல கிளினிக்கத் திறந்தாராம் முதலாளி. சுவரெல்லாம் ஈறு கலர்ல இருக்காம். 'ஐ ஆம் லிவிட்'னு போட்டிருக்காரு."

டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த கலரக்காவின் கை நின்றது. "ஐயையோ! பெயிண்ட் வாடை ஒத்துக்கலையா? எந்த ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க?"

ரசீது நிமிர்ந்து பார்த்தாள். "ஆஸ்பத்திரியா? எதுக்குக்கா?"

"லிவிட்னா உடம்பு நீலம் பாரிக்கறதுதான?"

முதலாளி சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த ஷேடு கார்டு நழுவி விழுந்தது. "ஏம்மா, நாம அனுப்பினது ரோஸு. அதப் பாத்து மனுஷன் செவந்து போயிருக்காரு. நீ நீலம்ங்கற. முழுக் கார்டையும் அவரு மூஞ்சியிலயே காட்டிரலாம் போல."

"கோவம்க்கா" என்றாள் ரசீது. "ஆனா சாதாக் கோவம் இல்ல. எங்க இங்கிலீஷ் மிஸ் வரிசையாச் சொல்லுவாங்க. ஆங்கிரின்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறது. ஃபியூரியஸ்னா கத்திக் கூப்பாடு போடறது. லிவிட்னா அதுக்கும் மேல. கத்தக்கூட வராது. ரத்தமெல்லாம் சுண்டி மூஞ்சி நிறமே மாறிடும். நீங்க சொன்னதும் தப்பில்ல. மொதல்ல கன்னிப்போன இடத்துக்குத்தான் அந்த வார்த்தையாம். அப்புறம்தான் கோவத்துக்கு வந்துச்சாம். இப்பல்லாம் யாராவது 'ஐ வாஸ் லிவிட்'னா கோவம்னுதான் அர்த்தம். ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்."

ரெண்டு. அப்போதுதான் அவளுக்கு அந்த 'ஒன்று' ஞாபகம் வந்தது.

அவள் டப்பா அடுக்கும் உள்ளறைக்குப் போய், இருபது லிட்டர் டின் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். பதினேழு வருஷத்துக்கு முன்னால் சனிக்கிழமை காலையில் வாசலில் நின்ற தம்பியின் முகம் எதிரே வந்து நின்றது. கையில் பெட்டி. வீடு அதிர விசில் வரும் என்று அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. சாம்பல் பூத்ததுபோல் முகம் மாறி, "முகத்தக்கூடப் பாக்க விடலல்ல" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். பெட்டியைக் கீழேகூட வைக்காமல் திரும்பி நடந்தான். அன்றைக்கு அவன் கத்தியிருந்தால் அடங்கியிருப்பான் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. அதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கிறது என்பதுதான் இப்போது புதிதாகத் தெரிந்தது.

ஆக, அவன் நன்றாக இருக்கிறான். அவளுடைய பேரைக் கேட்டு அதே கோபத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். அவனுக்கு அவள் இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொல்லி எழுதியிருக்கிறாள். அதுகூடப் போகட்டும், வெட்கத்தோடு போய்விடும். அப்பாவுக்குச் செய்த சத்தியத்தை வராத நோய்க்காக உடைத்துவிட்டாளே! பதினேழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த முகத்தை ஒரு கிழிந்த பக்கத்தை நம்பி அவன் கையில் கொடுத்துவிட்டாளே!

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"போட்ட தபாலத் திருப்பி வாங்க முடியுமாங்க?"

"டிப்போவ விட்டுக் கிளம்பின வண்டிதான். போய்ச் சேந்தப்புறம்தான் திரும்பும்."

"திரும்புமா?"

"டிரைவர் கோவக்காரனா இருந்தா சொல்ல முடியாது." பிறகு குரலைத் தணித்து, "திட்டி எழுதுவானோன்னு பயப்படறியா?" என்றார்.

"திட்டி எழுதட்டும்" என்றாள் கலரக்கா. "நாலு பக்கம் எழுதட்டும். அவன் கையெழுத்துதான?"

அதற்குப் பிறகு அவள் கதவுத் துளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கதவுக்கு வாயிருந்தால் போதும் என்று கெஞ்சியிருக்கும். காலைத் தபால் எட்டரைக்கு. அவள் எட்டேகாலுக்கே ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு, மறு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மின்சார வாரியத்திலிருந்து வந்தது. பல் டாக்டரிடமிருந்துகூடக் கடைக்கு இன்னொன்று வந்தது, சந்தனம் பரவாயில்லையாம். அந்தப் பழைய உறையை அவள் அகராதிக்குள், மூலை கிழிந்த அதே பக்கத்தில் வைத்திருந்தாள். போட வேண்டும் என்று எழுதி, தபால்தலைவரை ஒட்டி, பிறகு ஏன் போடவில்லை? உள்ளே வைப்பதற்கு என்ன எழுதியிருப்பான், அல்லது எழுதத்தான் வரவில்லையா? தினமும் ஒரு தடவை எடுத்து அந்த ஏழைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

தபாலில் போட்ட இருபத்திரண்டாம் நாள், திங்கட்கிழமை, பதில் வந்தது. அதே கோணல் கோடு போட்ட ஏழு. மை மட்டும் புதுசு, நல்ல கறுப்பு.

அவள் பிரிக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோய், மத்தியான இடைவேளையில், அந்த இருபது லிட்டர் டின்மேல் உட்கார்ந்து பிரித்தாள். இரண்டு பக்கம், தமிழில். பல வருஷம் எழுதாத கை. மெய்யெழுத்துகளில் பாதிக்குப் புள்ளியே இல்லை.

'அக்காவுக்கு. எனக்கு உதடும் நீலமில்லை, நகமும் நீலமில்லை. தினமும் நாலு மாடி ஏறுகிறேன். மகள் எழுதிய வார்த்தைக்குக் கோபம் என்று அர்த்தம். நீ நம் பழைய டிக்‌ஷனரியைப் பார்த்திருப்பாய். அந்த மூலையைத் தின்றவன் நான்தான். அதனால் உன்மேல் தப்பில்லை.

உன் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரி தமிழ், ஒரு வரி இங்கிலீஷ். தலையணை, மாடிப்படி எல்லாம் வாசித்தேன். அவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் கண்ணாடி வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். அப்பா ஏன் நிறுத்திட்ட என்றாள். இங்கிலீஷில் வார்த்தை வரவில்லை என்றேன். வராமல் இல்லை.

நான் கோபமாகத்தான் இருக்கிறேன் அக்கா. முன்னைவிட அதிகமாக இருக்கிறேன். நீ எடுக்கச் சொன்னதற்கு இல்லை. இரண்டு நாள் அந்த முகத்தை நீ தனியாகப் பார்த்திருக்கிறாய், அப்புறம் பதினேழு வருஷம் தனியாகவே வைத்துக்கொண்டிருக்கிறாய். என்னைக் கேட்டிருக்க வேண்டாமா? அப்பாவுக்குப் பயம் இருந்திருக்கலாம். எனக்கு என்ன பயம்? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பத்து வயதுப் பையனாகவே வைத்துவிட்டீர்கள்.

அந்த உறை உன் பிறந்தநாளுக்கு எழுதியது. எந்த வருஷம் என்று ஞாபகமில்லை. உள்ளே வைக்க ஒன்றும் எழுத வரவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த நீலம் எப்படிப்பட்ட நீலம்? ஒரு மாதிரி நீலம் என்று எழுதியிருக்கிறாய். நீ பெயிண்ட் கடைக்காரி. உனக்கு ஒரு மாதிரி என்று எதுவும் கிடையாது. மறைக்காமல் எழுது.'

வருகிறேன் என்று எழுதவில்லை. வா என்றும் எழுதவில்லை. அவள் கடைசி வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தில் உருண்டை எழுத்தில் மருமகள் ஒரே ஒரு சொல்லைத் தமிழில் வரைந்திருந்தாள். எழுதியிருந்தாள் என்று சொல்ல முடியாது, பார்த்து வரைந்திருந்தாள்: அத்தை. 'தை' கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றது.

கலரக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்கடைக்கு வந்தாள். கால் லிட்டர் வெள்ளையை ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ரசீது ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பில்களை அடுக்கினாள்.

முதலில் நாற்பத்தேழாம் நம்பருக்கு உரிய கணக்கில் நீலமும் கறுப்பும் விட்டாள். கலக்கினாள். குச்சியில் தொட்டு அட்டைமேல் இழுத்தாள். இல்லை. இவ்வளவு வருஷம் பயந்து ஒதுங்கியது இதைப் பார்த்தா? இது வெறும் மழைமேகம். அப்பா முகத்தில் இருந்தது இதைவிடக் கனம். ஊதா இரண்டு சொட்டு விட்டாள். அதிகமாகிவிட்டது. கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வேறு கிண்ணம் எடுத்தாள். இரண்டாவது தடவை வெள்ளையைக் கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டாள். நிறம் சாதுவாக வந்தது, சாயங்கால வானம்போல. இதையே அனுப்பினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? அவன் பார்த்ததில்லையே.

மறைக்காமல் எழுது என்று கேட்டிருக்கிறான்.

அதையும் தள்ளிவைத்தாள். மூன்றாவது கிண்ணத்தில் நீலம், கறுப்பு, ஊதா ஒரு சொட்டு, கடைசியில், காதோரம் நினைவுக்கு வந்து, மஞ்சள் அரைச்சொட்டு. கலக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை அட்டையில் ஒரு விரலகலத்துக்கு இழுத்தாள். புதன்கிழமை காலை எதிரே வந்து உட்கார்ந்தது. ஷேவிங் சோப்பு வாசனைகூட வந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

ரசீதுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "நாப்பத்தேழ நீங்க தொடமாட்டீங்களே! இது யாருக்குக்கா? பார்ட்டி எந்த ரூமுக்குக் கேட்டாங்க?"

"ரூமுக்கு இல்ல. என் தம்பி கேட்டான்."

"போன்லயா? மாசம் ரெண்டு தடவை பேசுவாரே, அவருதான?"

"அவன் பேசி பதினேழு வருஷம் ஆச்சு" என்றாள் கலரக்கா. "இன்னைக்குத்தான் எழுதியிருக்கான். எம்மேல லிவிட்டா இருக்கானாம்."

ரசீது கையிலிருந்த பில்களைக் கீழே வைத்தாள். "அதுக்கு ஏன்க்கா சிரிக்கறீங்க?" என்றாள்.

கலரக்கா அட்டையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து விசிறியின்கீழ் வைத்தாள். ஈரத்தில் தெரியும் நிறம் நிறமே இல்லை, காயும்போது ஒரு படி கறுக்கும். காய்ந்தபிறகும் சரியாக இருந்தால்தான் அனுப்ப வேண்டும். கூட வைப்பதற்குக் கடிதம் எழுத வேண்டும். உனக்கு எப்போது லீவு என்று கேட்கலாமா, கூடாதா என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.